நடை வேகத்தில் ஒரு வண்டி

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. வேண்டுமானால் பேட்டரியின் இரண்டு முனைகளிலும் இரண்டு கைகளை வைத்துச் சத்தியம் செய்யலாம். பன்னிரண்டு வோல்ட் யாரையும் ஒன்றும் செய்யாது என்பது வேறு விஷயம். சத்தியம் சத்தியம்தான்.

சவ வண்டி ஓட்டுகிறவரைத் தெருவில் எல்லோரும் நிதானம் என்றே கூப்பிட்டார்கள். இருபத்தாறு வருஷமாக அதே வேலை. பிணத்தோடு போகும்போது, பின்னால் நடந்து வருகிறவர்களை விட்டு விலகக்கூடாது என்பது அந்தத் தொழிலின் ஒழுங்கு. அதிலேயே ஊறிப்போய், கடைக்குப் போனாலும் அவர் அதே வேகத்தில்தான் போவார். பல் தேய்க்க ஆரம்பித்தால் அன்றைய பேப்பர் வந்து, மறுநாள் பேப்பரும் வந்துவிடும் என்று அவர் மனைவி சொல்வாள். அது மிகை. ஒரே ஒரு தடவைதான் அப்படி நடந்தது.

வண்டி ஒரு நீளமான கறுப்பு பெட்ரோல் கார். பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டு அங்கே ஒரு குளிர்பெட்டி வைத்திருந்தார்கள். மேலே கண்ணாடி மூடி. கூரையின் நான்கு மூலைகளிலும் நான்கு சின்ன விளக்குகள். பெட்டியும் விளக்குகளும் வண்டியின் பேட்டரியிலேயே ஓடின. பல வருஷம் ஒரு வம்பும் இல்லை. பெட்டியை மாற்றி முதலாளி பெரிதாக ஒன்று வாங்கி வைத்த பிறகுதான் வண்டி நடுவழியில் நிற்க ஆரம்பித்தது.

முதல் முறை நின்றது ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரோடு, அவர் முப்பது வருஷம் பாடம் நடத்திய பள்ளிக்கூட வாசலில். எஞ்சின் இருமியது. முன்விளக்கு மஞ்சளாகி, சிவப்பாகி, அவிந்தது. நிதானம் சாவியைத் திருப்பினார். கடக். மறுபடியும் திருப்பினார். கடக், கடக்.

“பீரியடு முடியாம வெளிய வர மாட்டாரு. அவர் பழக்கம் அது” என்றார் கூட்டத்தில் ஒருவர்.

யாரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் உள்ளே மணி அடித்ததும் நாலு பேர் தள்ள, வண்டி ஒரே தள்ளில் கிளம்பிவிட்டது.

இரண்டாவது முறை ஒரு அம்மாளோடு நின்றது. அவளும் அவள் ஓரகத்தியும் பதினெட்டு வருஷமாகப் பேசிக்கொள்ளாதவர்கள். ஓரகத்தி வீட்டு வாசலுக்கு நேராக, அளவெடுத்த மாதிரி நின்றது. நாற்பது நிமிஷம். கடைசியில் ஓரகத்தியே இறங்கி வந்து, கண்ணாடிக்குப் பக்கத்தில் குனிந்து ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்பது நிதானத்துக்கு மட்டும் கேட்டது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு செல்ஃப் எடுத்தது.

செய்தி பரவிவிட்டது. “எங்கப்பாவ எங்க சித்தப்பா வீட்டு வாசல்ல ஒரு பத்து நிமிஷம் நிறுத்திக் குடுக்க முடியுமா?” என்று கேட்டுக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். ஒருவர் நல்ல திடகாத்திரமாக, தானே நடந்து வந்து, தன்னைக் கொண்டுபோகும்போது தன்னை வேலையிலிருந்து அனுப்பிய அலுவலகத்தின் முன் நிறுத்தும்படி முன்பதிவு செய்துவிட்டுப் போனார். சாப்பாட்டு நேரத்தில் வேண்டாம், மேலதிகாரி இருக்க மாட்டார் என்றும் சொன்னார்.

நிதானத்துக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டில் அவர் மனைவி நாலு மாதமாகப் படுக்கையில் இருந்தாள். அடுத்த முறை எப்போது வரவேண்டும் என்று சொல்வதை டாக்டர் நிறுத்திவிட்டிருந்தார். ஒரு நாள் காலை, அவர் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள்.

“ஏங்க, என்னையும் நீங்கதானே கொண்டு போவீங்க?”

“இப்ப எதுக்கு அந்தப் பேச்சு.”

“சொல்லுங்க.”

“நான்தான். வேற யாரு.”

“நடுரோட்டுல மட்டும் நிக்க வச்சிடாதீங்க. எல்லாரும் சுத்தி நின்னுக்கிட்டு, இவளுக்கு என்ன குறை, யார் மேல என்ன கோவம்னு பேசுவாங்க. உயிரோட இருந்தப்போ ஒருத்தர் கேக்கல. செத்தப்புறம் நான் எதுக்கு பதில் சொல்லணும்?”

கஞ்சி ஆறி, தோல் கட்டி, உறைந்துபோகும் வரைக்கும் அவர் ஆற்றிக்கொண்டே இருந்தார்.

அன்றைக்கே வண்டியை எடுத்துக்கொண்டு அவள் தம்பியின் ஷெட்டுக்குப் போனார். மச்சான் கார்களுக்கு மின்வேலை பார்க்கிறவன். அவனுக்கு நாக்கு என்று பெயர். ஒயர் முனையை நாக்கில் தொட்டே எத்தனை வோல்ட் என்று சொல்லிவிடுவான். பன்னிரண்டு புள்ளி நாலு என்பான். மீட்டரில் பார்த்தால் பன்னிரண்டு புள்ளி நாலு. ஒரு தடவை மீட்டர் வேறு மாதிரிக் காட்டியது. மீட்டரைக் கொடுத்துச் சரிபார்த்தார்கள், மீட்டரில்தான் கோளாறு. இன்னொரு தடவை, ஒயரைத் தொட்டுவிட்டு, இந்த வண்டிக்காரர் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு மூன்று நாளாகக் காரிலேயே தூங்குகிறார் என்று சொன்னான். வண்டிக்காரர் அழுதுவிட்டார்.

ஷெட் தகரக் கூரை போட்டது. சுவர் முழுக்கப் பழைய ஒயர் கட்டுகள், செத்த டைனமோக்கள், காது அறுந்த பெல்ட்டுகள். ஒரு மூலையில் பேட்டரிகளை வரிசையாகச் சார்ஜில் போட்டிருந்தான்; அவை கொதிக்கிற சோறு மாதிரி மெல்லச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தன.

“அக்கா எப்படி இருக்கா?” என்று கேட்டான் நாக்கு, பானட்டைத் திறந்துகொண்டே. பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கேட்க வேண்டாம் என்றுதான் தலையை உள்ளே விட்டுக்கொண்டான்.

முறையாகத்தான் பார்த்தான். வண்டி அணைந்திருக்கும்போது பேட்டரியில் பன்னிரண்டு புள்ளி ஆறு. ஆறு அறைகளிலும் திராவகத்தின் கனம் ஒரே அளவு. டெர்மினலில் பூத்திருந்த வெள்ளைப் பொடியை வெந்நீர் ஊற்றிக் கழுவினான். எர்த் ஒயரைக் கழற்றி, தேய்த்து, மறுபடி முடுக்கினான். பெல்ட்டைக் கட்டைவிரலால் அமுக்கினான். அரை அங்குலம் அமுங்கியது, சரிதான். வண்டி நிற்கும்போது யாராவது திருட்டுத்தனமாக மின்சாரம் குடிக்கிறார்களா என்று ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தான். எறும்பு குடிக்கிற அளவுதான் போயிற்று. பிறகு எஞ்சினைப் போட்டு, ஆக்சிலேட்டரை மிதித்துப் பிடிக்கச் சொன்னான். பதினாலு புள்ளி ரெண்டு. டைனமோ காளை மாதிரி இருந்தது. தானே வண்டியை எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தான். அப்போதும் பதினாலு புள்ளி ரெண்டு.

“வண்டி கல்லு மாதிரி இருக்கு மாமா. உங்க ஆளுங்கதான் சரியில்ல. பொணத்துக்கெல்லாம் ரொம்ப இடம் குடுத்து வச்சிருக்கீங்க.”

“அப்ப நிக்காதா?”

“நின்னா என் நாக்கை அறுத்துக்கறேன்.”

நான்காம் நாள், ஒரு ரொட்டிக்கடைக்காரரோடு பாலத்தின் நடுவில் நின்றது. அந்தப் பாலத்தின் மேல் அவருக்கு எந்தப் பகையும் இல்லை. எவ்வளவு யோசித்தும் யாருக்கும் ஒரு கதையும் கட்டத் தோன்றவில்லை. எல்லோரும் வெயிலில் பேசாமல் தள்ளினார்கள். கதை இல்லாமல் வண்டி தள்ளுவது எவ்வளவு கனம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

முதலாளி கூப்பிட்டனுப்பினார். அவர் கத்துகிறவர் இல்லை. “இன்னொரு தடவை நின்னா, வேற வண்டி, வேற டிரைவர்” என்றார். “தப்பா எடுத்துக்காதீங்க.”

நிதானம் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. வேலை போனால் போகட்டும். ஆனால் வேறு டிரைவர் என்ற வார்த்தை வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கூடவே வந்தது. அவளைக் கொண்டுபோகும் வண்டியில், அவர் பின்னால் நடந்து வருகிறவர்களில் ஒருவராக இருப்பார். முன்னால் யாரோ ஒருவன், வாயில் எதையாவது மென்றுகொண்டு ஓட்டுவான்.

நாக்கு அறுத்துக்கொள்ளவில்லை; ஆனால் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. பேட்டரியை மாற்றினான். டைனமோவை மாற்றினான். ரெகுலேட்டரை மாற்றினான். டிரைவரைத் தவிர எல்லாவற்றையும் மாற்றிவிட்டான். மாற்றும் ஒவ்வொரு முறையும் மீட்டர் பதினாலு புள்ளி ரெண்டு என்று சத்தியம் செய்தது.

ஒரு மாலை இரண்டு பேரும் அவள் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து, அவள் தூங்குகிறாள் என்று நினைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“நீ பாத்த லட்சணம் அது” என்றார் நிதானம்.

“உங்க ராசி மாமா. உங்களைப் பாத்தாலே பேட்டரிக்குத் தூக்கம் வருது.”

அவள் கண்ணைத் திறக்காமலே கேட்டாள். “டேய், பெட்டியை ஓட விட்டுப் பாத்தியா?”

நாக்கு மாமாவைப் பார்த்தான். மாமா தரையைப் பார்த்தார். அந்தத் தொழிலில் யாரும் காலிப் பெட்டியை ஓடவிட மாட்டார்கள். காலியாக ஓடினால் பெட்டி யாரையாவது கூப்பிடும் என்று நம்பிக்கை. வண்டியை ஷெட்டில் விடும்போதெல்லாம் பெட்டியின் ஃபியூஸைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் நிதானம் விடுவார். மனைவி படுத்த பிறகு அதை ராத்திரியும் பையிலேயே வைத்துக்கொண்டு தூங்கினார்.

“இல்லக்கா. மாமா விடல.”

“எந்த வேகத்துல ஓட்டிப் பாத்த?”

“அறுபது.”

“இவரு என்னைக்குடா அறுபதுல போயிருக்காரு? சொந்தக் கல்யாணத்துக்கே கடைசியா வந்து சேந்த மனுஷன்.” அவளுக்கு மூச்சு வாங்கியது. கொஞ்சம் நேரம் கழித்து மீதியைச் சொன்னாள். “அவரு போற வேகத்துல ஓட்டு. பெட்டியை ஓட விடு. வெளக்கையும் போடு. அப்பத்தானே தெரியும்.”

“காலிப் பெட்டியை ஓட விடறதா?” என்றார் நிதானம்.

“காலியா எதுக்கு விடணும்? நான் படுத்துக்கறேன்.”

“பேசாம இருடி.”

“என்னைக் கூப்பிடப் போகுதா அது? கூப்பிட்டாச்சுங்க. நான்தான் புடவை மாத்திக்கிட்டு இருக்கேன்.”

இரண்டு நாள் மறுத்தார். மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவரும் மச்சானும் சேர்ந்து அவளைத் தூக்கி வந்தார்கள். நாற்காலி தூக்குகிற பாரம்கூட இல்லை. கண்ணாடி மூடியைக் கழற்றிவிட்டு, இரண்டு கம்பளியும் தலையணையும் போட்டுப் பெட்டியில் படுக்க வைத்தார்கள். பேட்டரியிலிருந்து இரண்டு நீள ஒயரை ஜன்னல் வழியாகப் பின்னால் கொண்டுவந்து மீட்டரை அவள் கையில் கொடுத்தான் நாக்கு. நிதானம் சட்டைப் பையிலிருந்து ஃபியூஸை எடுத்தார். அதைப் பொருத்துவதற்கு அவருக்கு நாலு தடவை ஆயிற்று.

வண்டி கிளம்பியது. நான்கு விளக்குகளும் எரிந்தன. தெருவில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கி, தொப்பியைக் கழற்றிவிட்டு, பழக்கதோஷத்தில் வண்டிக்குப் பின்னால் நடக்க ஆரம்பித்தார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். திருப்பத்துக்கு வருவதற்குள் பதினேழு பேர். உள்ளிருந்து கை ஒன்று உயர்ந்து, போங்க போங்க என்று ஆட்டியது. தொப்பிக்காரர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். மற்றவர்கள் கொஞ்சம் யோசித்துவிட்டு, வந்தது வந்தோம் என்று தொடர்ந்து நடந்தார்கள்.

“பன்னெண்டு ஆறு” என்றாள் பின்னாலிருந்து.

“சரி.”

“பன்னெண்டு நாலு. ஏங்க, அந்த வீட்டுக்காரி மாடியில நின்னு பாக்கறா.”

“பாக்கட்டும்.”

“துணி காயப்போடற மாதிரி நடிக்கறா. பன்னெண்டு ரெண்டு.”

நாக்கு முன்சீட்டில் திரும்பி உட்கார்ந்து, அக்காவையும் டாஷ்போர்டில் சார்ஜிங் லைட்டையும் மாறி மாறிப் பார்த்தான். லைட் மங்கலாக, தூக்கக் கண் மாதிரி, சிவப்பாகத் திறந்துகொண்டு வந்தது. எஞ்சினை முறுக்கிப் பார்க்கும்போதெல்லாம் அணைந்தே கிடந்த லைட்.

“காலு குளிருது” என்றாள்.

“நிறுத்தவா?”

“வண்டி தானா நிக்கட்டும். நீங்க நிறுத்தாதீங்க.”

அவர் நிறுத்தவில்லை. பின்பார்வைக் கண்ணாடியில் அவள் நெற்றியும் மீட்டரைப் பிடித்த விரல்களும் மட்டும் தெரிந்தன. விரல் நகங்கள் நீலமாக இருந்தன. குளிரால்தான் என்று அவர் தனக்குச் சொல்லிக்கொண்டார்.

“பதினொண்ணு எட்டு.” சிவப்பு லைட் இன்னும் அகலமாகத் திறந்தது. “பத்து அஞ்சு.” கடைசியாக, “ஒம்போது.”

எஞ்சின் இருமியது. விளக்குகள் அவிந்தன. நின்றது. சாவியைத் திருப்பினார். கடக், கடக்.

“கெடச்சிடுச்சு” என்றாள் அவள். முப்பத்தோரு வருஷத்தில் அவ்வளவு திருப்தியாக அவள் பேசி அவர் கேட்டதில்லை.

நாக்கு நெற்றியில் அடித்துக்கொண்டான். “நடை வேகத்துல டைனமோ சுத்தறதே இல்ல மாமா. சும்மா சோம்பல் முறிக்குது. அது ஊத்தறது ஒரு டம்ளர், இந்தப் பெரிய பெட்டியும் வெளக்கும் குடிக்கறது ஒரு குடம். மிச்சத்தைப் பேட்டரிதான் குடுத்துக்கிட்டு வந்திருக்கு, தீர்ற வரைக்கும். வேகமா ஓட்டினா ஒண்ணும் ஆகாது.”

“பொணத்தோட எப்படிடா வேகமா ஓட்டறது?”

“அதான் நான் கண்டுபிடிக்கல. நான் உயிரோட இருக்கறவங்க வண்டி பாக்கறவன்.”

தொப்பிக்காரரும் எழுந்து வர, பதினேழு பேரும் வண்டியைத் தள்ளி வீட்டுவாசலில் கொண்டுவந்து விட்டார்கள். அவள் எல்லோருக்கும் பேர் சொல்லி நன்றி சொன்னாள். அதற்குப் பிறகு அவள் படுக்கையில் எழுந்து உட்காரவே இல்லை.

நாக்கு டைனமோவில் பெல்ட் சுற்றும் புல்லியைக் கழற்றி, அதைவிடச் சின்னதாக ஒன்றைக் கடைந்து பொருத்தினான். எஞ்சின் மெல்ல ஓடினாலும் டைனமோ வேகமாகச் சுற்றும். பெட்டிக்கென்று தனியாக இரண்டாவது பேட்டரி வைத்தான். இரண்டுக்கும் இணைப்புக் கொடுத்தான். நடை வேகத்தில், எல்லாவற்றையும் போட்டுவிட்டு, ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தார்கள். பதிமூன்று புள்ளி எட்டு. முள் அசையவில்லை. வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னார். கேட்டுவிட்டு, “நல்லது” என்றாள். அந்த ஞாயிறிலிருந்து பதினோராம் நாள் காலையில், கஞ்சி ஆறுவதற்குள் போய்விட்டாள்.

அவரே ஓட்டினார். முதலாளி வேண்டாம் என்று சொல்ல வந்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பின்னால் போய் நடந்தார். நாக்கு பக்கத்தில் உட்கார்ந்து மீட்டரை மடியில் வைத்திருந்தான். வாய் திறந்து எண் எதுவும் சொல்லவில்லை. பின்னாலிருந்தும் யாரும் சொல்லவில்லை. நிதானம் இரண்டு தடவை கண்ணாடியைப் பார்த்தார். இந்த முறை மூடி போட்டிருந்தது.

தெரு முனையைத் தாண்டி, போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு வண்டி நின்ற இடம் வந்தது. நிற்கவில்லை. பள்ளிக்கூடம் வந்தது. நிற்கவில்லை. அவர் வைப்பரைப் போட்டார். மழை இல்லை, காய்ந்த கண்ணாடியில் அது தேய்த்துக்கொண்டு அழுதது. ஃபேனைப் போட்டார். உள்விளக்கைப் போட்டார். பெரிய வெளிச்சத்தைப் போட்டார்.

“என்ன மாமா பண்றீங்க?”

“எவ்வளவு காட்டுது?”

“பதிமூணு எட்டு.”

“பாலத்துக்கிட்டயாவது கொறையுமா?”

நாக்கு மீட்டரைக் குப்புறக் கவிழ்த்தான். “கொறையாது மாமா.”

“நீ கொஞ்சம் மோசமா வேலை பாத்திருக்கலாம் மச்சான்.”

“அக்கா கேட்டா மாமா. மோசமாப் பாக்க முடியல.”

பாலம் வந்தது, போயிற்று. இருபத்தாறு வருஷத்தில் அந்தப் பாதை அவ்வளவு குட்டையாக இருந்ததில்லை. அவர் பின்னால் வந்தவர்களின் நடையைவிடவும் மெதுவாக ஓட்டினார். அவர்கள் இடித்துவிடாமலிருக்கக் காலை எடுத்து, நிறுத்தி, எடுத்து வைத்தார்கள். ஒரு முதியவர் இரண்டு அடிகளுக்கு நடுவில் தூங்கி எழுந்தார். அப்படியும் இடுகாட்டு வாசல் வந்துவிட்டது.

சாவியைத் திருப்பி எடுத்துப் பையில் போட்டார். எஞ்சின் நிற்கவில்லை. இரண்டு பேட்டரிக்கும் கொடுத்த இணைப்பில் ஒரு சின்னத் தவறு. சாவியை எடுத்தாலும் டைனமோவே எஞ்சினுக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டிருந்தது. நாக்கு வெட்கப்பட்டுப் பானட்டைத் திறக்கக் கை வைத்தான்.

“விடு” என்றார் நிதானம்.

அவளை இறக்கினார்கள். கொண்டுபோனார்கள். எல்லாம் முடிந்து எல்லோரும் போன பிறகும் வண்டி வாசலில் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டியும் ஓடிக்கொண்டிருந்தது, காலியாக. அவர் ஃபியூஸைப் பிடுங்கவில்லை. யாரையாவது கூப்பிடுவதானால் கூப்பிடட்டும் என்று பின்கதவைத் திறந்து வைத்துவிட்டு, படியில் உட்கார்ந்துகொண்டார். பெட்ரோல் தீர மூன்று நாள் ஆயிற்று.

என் சத்தியம் சத்தியம்தான்; ஆனாலும் அவருடைய வேலைப் பதிவேட்டில், திருமணமானவரா என்ற கேள்விக்கு எதிரே, நிதானமான கையெழுத்தில் அவரே எழுதியிருக்கிறார்: இல்லை.